ராக்கெட்டுக்கு முதுகு காட்டுபவர்கள்

ராக்கெட் கிளம்பும்போது டி.வி.யில் என்ன காட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கவுண்ட்டவுன், நெருப்பு, புகை வால். அப்புறம் விஞ்ஞானிகள் கைதட்டி, கட்டிப்பிடித்து, மைக்கில் நன்றி சொல்வார்கள். அந்த நேரத்தில் ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டையும் கடலையும் பார்த்து நிற்கிறவர்கள் கேமராவில் வருவதில்லை. இந்த வாரம் அவர்களைப் பற்றி.

ஸ்ரீஹரிகோட்டா ஒரு தீவு. மேற்கே பழவேற்காடு ஏரி, கிழக்கே வங்காள விரிகுடா. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாலை போகிறது. வாசல் பக்கம் சுலபம். செக்போஸ்ட் போட்டு அடையாள அட்டை கேட்கலாம். கொல்லைப்புறம்தான் தலைவலி. சுமார் 50 கிலோமீட்டர் கடற்கரை. அலைக்கு யார் வேலி போடுவது?

தீவுக்குள் காவல், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம். ஏர்போர்ட்டில் உங்கள் பெல்ட்டைக் கழற்றச் சொல்கிறார்களே, அதே சி.ஐ.எஸ்.எஃப்.தான். 1964-ல் ராஞ்சி கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பெரிய தீ விபத்து. அதை விசாரித்தவர்கள், அரசு ஆலைகளைக் காக்கத் தனிப்படை வேண்டும் என்றார்கள். 1968-ல் சட்டம், 1969 மார்ச் 10-ல் படை. தீவுக்கு வெளியே கூட்டம், டிராஃபிக் எல்லாம் ஆந்திர போலீஸ் பொறுப்பு. கடலில் கடலோரக் காவல் படை.

பி.காம். படித்தவனுக்கு இதில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. சி.ஐ.எஸ்.எஃப். சும்மா காவல் காப்பதில்லை. எந்த நிறுவனத்தைக் காக்கிறதோ, அந்த நிறுவனம்தான் செலவைக் கட்ட வேண்டும். சரி, கட்டினதுக்கு வரவு என்ன? ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் வரவு. எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் எழுத முடியாத சொத்து. நல்ல காவல்காரனைப் பார்த்து, 'ஒண்ணும்தான் நடக்கலையே, எதுக்குய்யா உனக்குச் சம்பளம்?' என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ராக்கெட்டை நம்மிடமிருந்து காப்பது பாதி வேலை. நம்மை ராக்கெட்டிடமிருந்து காப்பது மீதி. எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில்தான் விழும். அதனால் ஒவ்வொரு முறையும் கப்பலுக்கும் விமானத்துக்கும் எச்சரிக்கை போகும். அமெரிக்காவில் வாலப்ஸ் தீவில் 2014 அக்டோபர் 27 அன்று அன்டாரஸ் ராக்கெட் தயாராக நின்றது. தடை செய்த கடல் பகுதிக்குள் ஒரு பாய்மரப் படகு! ஏவுதலையே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் கிளப்பினார்கள், சில விநாடிகளில் வெடித்துத் தரையில் விழுந்தது. ஆளே இல்லாத ராக்கெட், சுற்றிலும் ஆட்களை அகற்றியிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. முதல் நாள் ஒரு படகுக்காக இவ்வளவு கெடுபிடியா என்று முணுமுணுத்தவர்கள் யாராவது இருந்திருந்தால், மறுநாள் வாயை மூடியிருப்பார்கள்.

நம் பக்கத்தில் அந்தப் படகு பொழுதுபோக்குப் படகு இல்லை. பழவேற்காடு மீனவருடைய பிழைப்பு. ஏவுதல் நாளில் கடலுக்குப் போகாதே என்றால் அன்றைக்கு வலை காயும், அடுப்பும் காயும். கவுண்ட்டவுன் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் போச்சு. 'போகாதே' என்று சொல்லும் காக்கிச்சட்டைக்கும் மாதச் சம்பளம்தான். கொடுக்க அவரிடம் மீன் கிடையாது. இந்தக் கணக்கை அரசாங்கம்தான் தீர்க்க வேண்டும். ராக்கெட் செலவோடு ஒப்பிட்டால் சில்லறை.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 2023 ஜனவரியில், ஸ்ரீஹரிகோட்டாவில் பணியிலிருந்த சி.ஐ.எஸ்.எஃப். வீரர் ஒருவரும் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் 24 மணி நேர இடைவெளியில் தற்கொலை செய்துகொண்டார்கள். இருவரும் வட மாநிலத்து இளைஞர்கள். காரணங்களை நாம் இங்கே உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம். ஆனால் சொந்த ஊரை விட்டு, மொழி தெரியாத இடத்தில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே 'ஒன்றும் நடக்காமல்' பார்த்துக்கொள்ளும் மனிதனிடம், 'நல்லாயிருக்கியாப்பா?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கண்காணிப்புக் கேமராவால் அதைக் கேட்க முடியாது. அதற்கு ஒரு மேலதிகாரி வேண்டும், ஒரு நண்பன் வேண்டும், கேட்டபோது கிடைக்கிற லீவு வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கேயும் கேட் வரும், செக்போஸ்ட் வரும், 'இன்றைக்குக் கடலுக்குப் போகாதீங்க' என்ற அறிவிப்பும் வரும். எத்தனை துப்பாக்கி, எத்தனை கேமரா என்று திட்டம் போடும்போதே மீனவருக்கு ஒரு நாள் கூலியையும், காவல்காரருக்கு ஒரு நாள் ஓய்வையும் அந்தக் காகிதத்தில் எழுதிவிட்டால் தேவலை.

நீங்களும் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த தடவை ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னால், முறைக்காமல் ஒரு 'வணக்கம் சார்' சொல்லுங்கள். அவருடைய அடுத்த போஸ்டிங் ஸ்ரீஹரிகோட்டாவாக இருக்கலாம்.