323 பகா எண் இல்லை

சுங்கைப்பட்டாணியில் எனக்கு வைத்த பிரிவுபசார விருந்தில், கேசரியைத் தொடும் முன்பே ஓர் இளம் ஆசிரியர் கைப்பேசியை நீட்டினார். "சார், நீங்க ஒரு பாடவேளை முழுக்கப் போடுற கணக்கு. ரெண்டே விநாடி." திரையில் 293318625600. வகுத்திகள் 5040. கூடவே ஒரு குத்தல்: "ராமானுஜனே இதைக் கோட்டை விட்டாராமே?"

விட்டார்தான். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை அவர் 1915இல் வரிசைப்படுத்தினார். பதின்மூன்று இலக்கம் வரை கையாலேயே போட்ட பட்டியல். அதில் இது ஒன்று விடுபட்டது. அதற்கு இவ்வளவு சிரிப்பா?

5040 எப்படி வந்தது என்று கேட்டேன். "ஆப் சொல்லுது சார்." பகாக் காரணிகளின் அடுக்குகள் 6, 4, 2, 2, பிறகு நான்கு ஒன்றுகள், ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். இது எல்லாருக்கும் தெரிந்தது. அடுக்குகளைப் பிரிப்பதில்தான் கைவேலை இருக்கிறது. வலமிருந்து மும்மூன்றாக வெட்டினால் 600, 625, 318, 293. மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: சுழியம். ஆக 1001 போகும். 7, 11, 13 மூன்றும் ஒரே வெட்டில் விழுந்தன. மிச்சத்தில் 2, 3, 5 எல்லாம் உதிர்ந்தால் 2261. இன்னொரு 7 போனால் 323.

இங்கேதான் பிள்ளைகள் விழுவார்கள். 13 வரை எதுவும் போகாது. "பகா எண் சார்" என்று பென்சிலை வைத்துவிடுவார்கள். நானும் விழுந்தவன்தான். நாங்கள் இருந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். செக்ரோல் என்ற சம்பளக் கணக்கில் ஒரு காசு பிசகினாலும் விளக்கை அணைக்காத பெரிய கிராணி, ஒருநாள் என்னை ஒரு சாக்கு ரப்பர் கொட்டை பொறுக்கி வரச் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பதினெட்டு நிரை, நிரைக்குப் பதினெட்டுக் கொட்டை அடுக்கவைத்தார். 324. கடைசி நிரையில் ஒன்றைக் காலால் தள்ளினார். "இந்த மரத்துல இடி விழுந்திருச்சுடா." அந்த நிரையில் மிஞ்சிய பதினேழையும் எடுத்து, மற்ற பதினேழு நிரைக்கும் வாலில் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னார். குனிந்து குனிந்து வைத்தேன். பதினேழு நிரை, நிரைக்குப் பத்தொன்பது.

"இப்பச் சொல்லு, பகா எண்ணா?"

2003இல் மலேசிய அரசு கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னபோதும் 323ஐ நான் தமிழில்தான் உடைத்தேன். இப்போது விடையை முதலில் தட்டிப் பார்த்துவிட்டு, வழிமுறையைப் பின்னால் ஒப்பேற்றுகிறார்கள். அதற்கும் முழு மதிப்பெண்!

தம்பிக்குக் காட்டலாம் என்று மேசையில் கிடந்த கச்சான் கடலையை ஆறுக்கு ஆறாக அடுக்கினேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மிச்ச ஐந்தையும் நகர்த்தினேன். ஐந்து நிரை, நிரைக்கு ஏழு.

தம்பி அதைப் படம் பிடித்துக்கொண்டார்.