உறையும் பதம்

தசைப் பயாப்ஸியை ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். மற்ற உறுப்புகளுக்கு அதுதான் முறை, தசைக்கு ஆகாது. நார்களின் வடிவம் கெட்டுவிடும், நொதிகள் செத்துவிடும். நொதி போனபின் எங்கள் சாயங்களுக்கு வேலையில்லை. உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றிச் சீக்கிரம் கொடுங்கள் என்று பயிற்சி மருத்துவர்களிடம் ஆண்டுதோறும் சொல்கிறேன். ‘பிழிந்த’ என்பதை அழுத்தியே சொல்வேன். நீர் சொட்ட வந்த தசையை உறைய வைத்தால் பனித்துகள் முளைத்து நாரெல்லாம் ஓட்டையாகிவிடும். அதையே நோய் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு.

திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மைனஸ் 196 டிகிரிதான். ஆனால் திசு பட்டதும் நைட்ரஜன் கொதித்து, அதைச் சுற்றி வாயுப் படலம் கட்டிக்கொள்ளும். குளிர் உள்ளே இறங்கத் தாமதமாகும். அதனால்தான் ஐசோபென்டேன் என்ற திரவம். சிறு குவளையில் ஊற்றி நைட்ரஜனுக்குள் இறக்கிப் பிடித்தால், மைனஸ் 150, 160 டிகிரி வாக்கில் அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கும். அதுதான் பதம். வெப்பமானியும் இருக்கிறது, நான் நம்புவது கண்ணை.

உறைந்த திசுவைச் சீவும் கிரையோஸ்டாட் கருவியில் 8 முதல் 10 மைக்ரான் கனத்தில் குறுக்காகச் சீவுகிறோம். ஒவ்வொரு நாரும் ஒரே செல், கருக்களோ ஏராளம். அவை விளிம்பில் ஒதுங்கியிருந்தால் நலம். நாருக்குள் மயோசின் இழைகளும் ஆக்டின் இழைகளும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கித்தான் தசை சுருங்குகிறது. அந்தச் சறுக்கல் இந்தக் குறுக்குவெட்டில் தெரியாது. மயோசினின் வேகம் தெரியும்.

மயோசினின் ஏடிபி-ஏஸ் நொதியைக் காட்டும் சாயத்தில், பி.எச். 9.4இல் வேகமான இரண்டாம் வகை நார்கள் கறுக்கும். நிதானமான முதல் வகை வெளுத்துக் கிடக்கும். 4.3 அமிலத்தில் முன்பே ஊறவிட்டால் எல்லாம் தலைகீழ். 4.6இல் வைத்தால் இரண்டாம் வகைக்குள்ளேயே 2ஏ வெளுக்கும், 2எக்ஸ் நடுத்தர நிறம் காட்டும். இப்போது எதிர்ப்பொருள் சாயங்கள் வந்துவிட்டன, வேலை சுலபம். இருந்தாலும் இந்த மூன்று ஸ்லைடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் சுகம் அதில் இல்லை.

கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள சோலியஸ் பெரும்பாலும் முதல் வகை. நிற்கும் நேரமெல்லாம் உழைக்க வேண்டிய தசை அது. தொடையில் எடுக்கும் துண்டில் இரண்டும் கலந்து, சதுரங்கப் பலகை போலத் தெரியும். ஒரு நரம்பணுவின் ஆளுகையில் உள்ள நார்கள் எல்லாம் ஒரே வகை. ஆனால் அவை அடுத்த நரம்பணுக்களின் நார்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. வகையை நிர்ணயிப்பதில் நரம்புக்குத்தான் பெரிய கை. 1960இல் உடலியல் ஆய்வாளர்களான புல்லரும் எக்கிள்ஸ் என்ற பெயருடைய இருவரும் பூனைகளின் கால் நரம்புகளை மாற்றி இணைத்தபோது, வேகமான தசை நிதானமானது, நிதானமானது வேகம் பெற்றது. போலியோவில் ஒரு நரம்பணு அழிந்தால், அதன் நார்களுக்குப் பக்கத்து நரம்பணு கிளை அனுப்பித் தன் வகைக்கே மாற்றிக்கொள்ளும். பலகை கலைந்து, ஒரே நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இரண்டாம் வகை மட்டும் சிறுத்திருந்தால் அது வேறு கதை. நீண்ட நாள் படுக்கையும் ஸ்டீராய்டும் அப்படிச் செய்யும். அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் டாக்டர் என்னைப் பார்ப்பார். நான் வார்டுக்குப் போன் போட்டு, எத்தனை மாதமாக என்ன மாத்திரை என்று கேட்பேன்.