கரிசலுக்கு வெளியே ஒரு கரிசல்

எங்கள் ஊரான இடைசெவலில் ஒரு பிள்ளை பேசப் பழகுகிறபோதே இரண்டு மொழி பழகிவிடும். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் நடையைத் தாண்டினால் தமிழ். எங்கள் வீட்டில் தமிழ்தான். ஆனால் அடுத்த வீட்டு அவ்வாவுக்குக் கோபம் தெலுங்கில்தான் வரும் என்பதால், ஏச்சு வாங்குகிற அளவுக்குத் தெலுங்கு எனக்கும் வந்துவிட்டது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

இதை நான் நினைத்துப் பார்த்தது படிக்கப் போன ஸ்பெயினில், கொர்தோபா நகரத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் ரபனாலெஸ் வளாகத்துக்குப் போகிற ரயிலில். பெட்டி கொள்ளாத மாணவர் கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. ஊரில் காசு கட்டிப் படித்து, பரீட்சையும் எழுதித் தேறிய ஸ்பானிஷ்தான் என்னுடையது. அந்தலூசியாக்காரர்களோ சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' சத்தத்தை விழுங்கிவிடுவார்கள். நடுவில் வரும் 'த'வையும் விட்டுவைக்க மாட்டார்கள். 'கன்ஸாதோ' என்று புத்தகம் சொல்லும், களைத்துப்போனவன் 'கன்ஸாஓ' என்பான். பன்மைக்கு அடையாளமே அந்த 'ஸ்'தான். அதுவும் போய்விட்டதா, கடைசி உயிரெழுத்துக்கு வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை வைத்து ஒன்றா பலவா என்று கண்டுபிடிக்க வேண்டும். வடக்கே மதரீத் பக்கம் உள்ளவர்கள் இந்தப் பேச்சைக் கேலி செய்வதும் உண்டு.

நமக்கு இது புதிசா என்ன? 'வருகிறார்கள்' என்று படித்துவிட்டு வருகிற ஒருவர் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் 'வாராக' என்று காதில் விழுந்தால் முழிக்கத்தானே செய்வார்? அந்தப் பேச்சுக்கு மரியாதை தேடித்தந்தவர் எங்கள் ஊர்க்காரர். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், வீட்டில் தெலுங்கு பேசியவர். அவரைத்தான் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அந்தலூசியாவிலும் இதே வேலையை ஒருவர் செய்திருக்கிறார். அந்தோனியோ அல்கலா வென்ஸெஸ்லாதா என்று பெயர். அவருடைய வட்டாரச் சொல்தொகுப்பு 1934-லேயே வந்துவிட்டது. நூலகத்தில் அதை எடுத்துப் புரட்டியபோது, இரண்டு பேரையும் ஒரு திண்ணையில் உட்காரவைத்தால் எந்த மொழியில் பேசிக்கொள்வார்கள் என்று தோன்றியது. எப்படியும் பேசிக்கொள்வார்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வசதியான கண்ணி இருக்கிறது. சாயங்காலமானால் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடும், பேச்சு இங்கிலீஷில் நடக்கும். ஸ்பானிஷ் பிள்ளைகளும் தங்கள் இங்கிலீஷைத் தீட்டிக்கொள்ள அங்கேதான் வருவார்கள். நாலு வருஷம் இருந்துவிட்டு, காப்பி கேட்கிற அளவு ஸ்பானிஷோடு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். 'இன்தெர்காம்பியோ' என்று ஒரு ஏற்பாடு உண்டு: அரை மணி நேரம் உன் மொழி, அரை மணி நேரம் என் மொழி. அதிலும் எதிரே இருப்பவருக்கு நம்மைவிட அவசரம் அதிகமாக இருந்தால் முழு மணி நேரமும் இங்கிலீஷுக்கே போய்விடும். இங்கிலீஷ் ஒரு சொல்கூடத் தெரியாத ஆள்தான் நல்ல வாத்தியார். எங்கள் அவ்வாவைப் போல.

எனக்கு அப்படி ஒரு வாத்தியார் கொர்தோபாவுக்குத் தெற்கே கம்பீஞா வயல்காட்டில் கிடைத்தார். படிப்புக்காக மண் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். அந்தப் பகுதியில் கரிசல் உண்டு. 'புஹேயோ' என்பார்கள், அந்தலூசியக் கரிசல் என்றும் சொல்வார்கள். குவாதல்கிவிர் ஆற்றுப் படுகையில் பருத்தியும் விளைகிறது. ஐரோப்பாவில் பருத்திக்குப் பேர்போன நாடுகள் கிரீஸும் ஸ்பெயினும்தான். மண்ணைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. காட்டுக்காரர், வயசு எழுபதைத் தாண்டியவர், ஒரு காய்ந்த குச்சியை முறித்து வெடிப்புக்குள் விட்டார். குச்சி முழுசாக உள்ளே போய்விட்டது. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஆனால் குச்சி விடுகிற வித்தை புரிந்தது, எங்கள் ஊரிலும் ஆழம் பார்ப்பது அப்படித்தான். எங்களிடமும் இதே மண் என்றேன். அவர் நம்பவில்லை. மழை பெய்தால் செருப்போடு அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாதே, அந்த மண்தானே என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் காலைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். சிரித்துவிட்டார். அதன்பிறகு விட மாட்டேன் என்கிறார். அங்கே பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், மெஷின் எடுக்கிறது. எங்கள் பக்கம் மானாவாரி, பெண்கள் மடியில் எடுக்கிறார்கள். இதையெல்லாம் சொல்ல வேண்டுமென்றால் வினைச்சொல் வேண்டியிருக்கிறதே! வகுப்பில் ஏறாத இறந்தகாலமெல்லாம் அந்த வரப்பில் ஏறியது.

லீவுக்கு வந்தபோது அவ்வா கேட்டது: "ஏய்யா, அங்கனயும் கரிசலா? பருத்தி போடுதாகளா?"

"போடுதாக அவ்வா. ஆனா மெஷின்தான் எடுக்குது."

"அப்ப பொம்பளையாளுக்கு என்ன வேல?"

இந்தக் கேள்வியை ஸ்பானிஷில் போய்க் கேட்டேன். காட்டுக்காரர் நீளமாகப் பதில் சொன்னார், அவருடைய அம்மா காலத்தில் அங்கேயும் கையால் எடுத்த கதை. அதை அப்படியே அவ்வாவிடம் போனில் சொன்னேன்.

இலக்கணத்தில் எனக்கு உதவியது தமிழ். இதை எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. எனக்குக் காப்பி பிடிக்கும் என்பதை ஸ்பானிஷும் 'எனக்கு' என்றுதான் தொடங்கும்: 'மே குஸ்தா'. தலைவலியும் அப்படித்தான், எனக்குத் தலை வலிக்கிறது என்றே சொல்வார்கள். 'நான்' என்று தொடங்கிப் பழகிய இங்கிலீஷ்காரர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். வந்தேன், வந்தாய் என்று வினையிலேயே ஆளைச் சொல்லிவிடுவதால் 'நான்', 'நீ' தனியாக வேண்டியதில்லை, அதுவும் நம் வழக்கம்தான். சின்ன ர, பெரிய ற என்று நாம் படித்த வித்தியாசம் அங்கே 'ஆனால்' என்கிற சொல்லையும் 'நாய்' என்கிற சொல்லையும் பிரிக்கிறது. படுத்தி எடுத்தது பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் பார்க்கிற வழக்கம். மேசை பெண்பாலாம். அஃறிணை என்று ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி! இன்னொன்று, பேராசிரியரை அங்கே 'நீ' என்றே கூப்பிடலாம், கூப்பிடச் சொல்வார்கள். கரிசல்காட்டு வாய்க்கு அது கடைசிவரை வரவில்லை, நான் 'உஸ்தெத்' என்றே மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கிலீஷ் வழி எதுவும் வராது என்று சொல்லவில்லை. இடைசெவலின் இன்னொரு பெரிய எழுத்தாளர் கு. அழகிரிசாமி ருஷ்ய எழுத்தாளர் கார்க்கியின் நூல்களை இங்கிலீஷ் வழியாகத்தான் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வாசிப்புக்கு மூன்றாம் மொழி பாலமாகலாம். பேச்சுக்கு அந்தப் பாலம் சுற்றுவழி என்பதே என் கட்சி.

தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குக் கூட்டிப்போகிற ஒரு சின்ன இலக்கணப் புத்தகம் வேண்டும். 'எனக்குப் பிடிக்கும்' முதல் பாடமாக இருக்கட்டும், ஆண்பால் பெண்பாலைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஸ்பானிஷ் நடத்துகிற ஆசிரியர்கள் யாராவது எழுத முன்வந்தால் என் நோட்டுகளை அனுப்பிவைக்கிறேன், தபால் செலவும் என்னுடையது.