ஒரு தடவைக்கு எவ்வளவு?



"ஹஸரத், பொம்பிளைகள் ஜிம்முக்குப் போகலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். என்னிடம் ஓதும் பிள்ளைகளின் தாய்மார் கேட்கிறார்கள். சில வேளை கணவன்மார், மனைவி கேட்கச் சொன்னதாகச் சொல்லிக் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வது சிரமமல்ல. பிரயாணமொன்றின்போது நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முதற் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள். பின்னாளில் அவர்களின் உடல் பருத்த பிறகு நடந்த போட்டியில் நபியவர்கள் முந்தினார்கள். ஆகவே உடற்பயிற்சி பெண்ணுக்கு ஆகாத காரியம் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. போகும் இடம் பெண்களுக்கு மாத்திரமானதா, அந்நிய ஆண்களின் பார்வையும் கமராவும் இல்லாததா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை எவரும் என்னிடம் கேட்பதில்லை. அங்கே வாங்கும் காசுக்கு அது பெறுமதியா? சில மாதங்களுக்கு முன் அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்தது.

என் மனைவிக்கு வயது 43. கடந்த மூன்று மாதச் சீனியின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் அவருக்கு 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக் கட்டம், 6.5ஐத் தொட்டால் சீனி வருத்தம் என்று டொக்டர் விளக்கினார். எண்ணைக் கேட்டு நான் பயப்படவில்லை, மனைவி பயந்தார். அவருடைய உம்மா சீனி வருத்தத்தால் ஒரு பாதத்தை இழந்தவர். அந்தக் காலுக்குக் கடைசி வரை மருந்து கட்டியது இவர்தான்.

அந்தக் கிழமையே மகள் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு வந்தாள். கொழும்பில் பெண்களுக்கென்றே ஓர் உயர்தர உடற்பயிற்சிக் கழகம். நீச்சல் தடாகம், நீராவி அறை, பழச்சாறு விற்கும் மூலை, வெளிநாட்டில் பயின்ற பயிற்சியாளர்கள் என்று பளபளக்கும் தாளில் அச்சிட்டிருந்தார்கள். விலை மாத்திரம் அதில் இல்லை. விலை போடாத கடையில் விலை கேட்கவே கூச்சப்படும் குடும்பம் எங்களுடையது. ஆயினும் ஒரு சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம்.

ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அது எனக்குச் சந்தோஷமே. மனைவியும் மகளும் உள்ளே சுற்றிப் பார்க்கப் போக, நான் வரவேற்பறையில் உட்கார்ந்து ஒப்பந்தப் பத்திரத்தை வாசித்தேன். ஓராண்டு அங்கத்துவம் 180,000 ரூபா. அன்றே கையெழுத்திட்டால் 144,000. பணியிலிருந்த பிள்ளை மரியாதையான பிள்ளை, ஸலாம் சொல்லித் தேநீரும் தந்தார். "ஹஸரத், இண்டைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று மூன்று தடவை சொன்னார். எந்த வியாபாரத்திலும் இன்றைக்கு மட்டும் என்ற சொல்லைக் கேட்டால் நான் பேனையைச் சட்டைப் பையில் செருகிவிடுவது வழக்கம்.

வெளியே வந்த மனைவி இயந்திரங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. "ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருக்காங்க. ஒருத்தரும் பார்க்க ஏலாது. நான் அபாயாவைக் கழட்டி வச்சிட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கி நிண்டு பார்த்தன்" என்றார். கல்யாணம் முடித்து 19 வருடங்கள். சமையலறை, பிள்ளைகள், உம்மாவின் கால் என்று போன அந்த வருடங்களில், தன் உடம்புக்கென்று கதவைச் சாத்திக்கொண்ட ஒரு மணித்தியாலம் அவருக்கு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கழகம் உண்மையில் விற்பது அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான். அது மலிவான சரக்கல்ல. ஆகவே "இதெல்லாம் வீண் செலவு" என்று அங்கேயே முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, இஷாவுக்குப் பின் இருவரும் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தோம்.

கிழமைக்கு மூன்று தடவை போனால் வருடத்துக்கு 156. நோன்பு மாதத்தில் 12 குறையும். பாடசாலை விடுமுறைகளில் ஊருக்குப் போனால் இன்னும் 18. மிச்சம் 126. காய்ச்சல், பிள்ளைகளின் சோதனை, கல்யாண வீடு, மௌத்து வீடு, சொல்லாமல் வரும் விருந்தாளி? நான் 100 என்று எழுதினேன். மனைவி அதை வெட்டிவிட்டு 80 என்று எழுதினார். வீட்டை நடத்துபவர் அவர், அவருடைய எண்தான் சரியானது. 144,000ஐ 80ஆல் பிரித்தால் ஒரு தடவைக்கு 1,800 ரூபா. எங்கள் வீடு தெஹிவளையில். முச்சக்கரவண்டிக்குப் போக வர 1,200. ஆக மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்கு 3,000 ரூபா.

அதே கழகத்தில் பத்துத் தடவைக்கான அட்டையொன்றும் இருந்தது. நான் கேட்டபிறகுதான் சொன்னார்கள். விலை 15,000, அதாவது ஒரு தடவைக்கு 1,500. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருட அங்கத்துவம் இலாபமாக வேண்டுமென்றால் 96 தடவைக்கு மேல் போக வேண்டும். நோன்பு மாதத்தையும் சேர்த்து, பன்னிரண்டு மாதமும் மாதம் எட்டுத் தடவை போனால்தான் இரண்டும் சமம்.

இது எங்கள் வீட்டுக் கணக்கு மட்டுமல்ல. டெல்லாவிக்னா, மல்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கழகங்களின் 7,752 அங்கத்தவர்களுடைய வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 தடவைதான் போயிருந்தார்கள். தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே கழகங்களில் பத்துத் தடவை அட்டை வாங்கியிருந்தால் 10 டொலரில் முடிந்திருக்கும். தாங்கள் எத்தனை தடவை போவோம் என்று மனிதர் போடும் கணக்கு அமெரிக்காவிலும் பிழைக்கத்தான் செய்கிறது.

இதில் கழகம் உங்களை ஏமாற்றுகிறது என்று சொல்ல முடியாது. நான் வகுப்பில் இஜாரா பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் எப்போதும் கேட்கும் சந்தேகம் ஒன்றுண்டு. ஒருவர் வீட்டை வாடகைக்கு எடுத்துச் சாவியையும் வாங்கிக்கொண்டார், ஆனால் குடியிருக்கவில்லை. வாடகை கொடுக்க வேண்டுமா? எமது ஷாஃபிஈ மத்ஹபின்படி கொடுக்கத்தான் வேண்டும். பயன்படுத்த வழி விட்டுவிட்டால் உரிமையாளரின் கடமை முடிந்தது, பூட்டி வைத்தது உங்கள் விருப்பம். அங்கத்துவ அட்டையும் அந்தச் சாவியைப் போன்றதுதான். பணப்பையில் அது தூங்கும் நாளுக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறிய எழுத்தில் இருந்தது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தேன். கட்டிய பணம் எக்காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது. வருடத்தில் ஒரு தடவை, 30 நாட்களுக்கு, அதுவும் டொக்டரின் கடிதத்தோடு மாத்திரம் இடைநிறுத்தலாம். நோன்பு அதில் சேராது. கர்ப்பமானால், இத்தா இருக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அந்தப் பிள்ளை மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் கையெழுத்திட வரச் சொல்லி இரண்டு அழைப்புகள் வந்தன. தனிப் பயிற்சியாளருக்குத் தனிக் கட்டணம். தடாகம் எல்லா நாளும் திறந்திருந்தாலும், நீந்தத் தெரியாதவர்களுக்கான வகுப்பு புதன் காலையில் மட்டும். அந்த நேரத்தில் என் மனைவி பக்கத்து வீட்டுச் சிறுமிகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறார். நீராவி அறை பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு டொக்டரைக் கேளாமல் ஆகாது. பழச்சாறு மூலையைப் பற்றி நான் என்ன சொல்ல! சீனியைக் குறைக்கப் போன இடத்தில் ஒரு கோப்பை மாம்பழச் சாறு.

வருடப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கொடுப்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததையும், 2022இல் எரிபொருள் இல்லாமல் முச்சக்கரவண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. கடனட்டையில் வட்டியில்லாத் தவணை என்று சொல்வார்கள். சேவைக் கட்டணம் என்ற பெயரில் என்ன சேர்கிறது, ஒரு தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்று கேட்டறியாமல் அதன் பக்கம் போகாதீர்கள்.

அப்படியானால் சும்மா நடந்தால் போதாதா? நடை நல்ல மருந்துதான். அமெரிக்காவில் எல்லைக் கட்டத்திலிருந்த 3,234 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளிவந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். கிழமைக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சியும், உணவுக் கட்டுப்பாட்டோடு உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் ஒரு பகுதியினருக்கு இலக்காக வைக்கப்பட்டன. மருந்தில்லாத வெற்றுக் குளிசை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களிடையே சீனி வருத்தம் 58 வீதம் குறைந்தது. மெட்போர்மின் குளிசை எடுத்தவர்களிடம் குறைந்தது 31 வீதம்தான். இதற்குத் தடாகமும் வேண்டாம், பளிங்குத் தரையும் வேண்டாம். நம் கொழும்பின் காலிமுகத்திடல் நடைபாதையே தேசாதிபதி ஹென்றி வோட்டினால் 1859இல் கட்டி முடிக்கப்பட்டு, நகரத்துப் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காகப் பேணப்பட வேண்டுமென்று கல்லில் பொறிக்கப்பட்ட இடம்தானே.

ஆனால், மனைவியின் தோளுக்கு மேலால் இதை வாசித்துக்கொண்டிருக்கும் கணவன்மாரே, அவசரப்பட்டு "பார்த்தாயா, நடந்தால் போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். நமக்கு ஸுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து அப்படியே நடக்கலாம். அந்த நேரத்தில் அவர் அடுப்படியில் நிற்கிறார். எங்கள் ஒழுங்கையில் நடைபாதை கிடையாது. நாய்கள் உண்டு, மோட்டார் சைக்கிள்கள் உண்டு, சந்தியில் வேலையில்லாமல் நிற்கும் பையன்களும் உண்டு. காலிமுகத்திடலுக்குப் போகவும் முச்சக்கரவண்டிக் காசு வேண்டும். போதாக்குறைக்கு, நடை மட்டும் முழு மருந்தும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் குறைந்தது இரண்டு நாட்கள் வேண்டுமென்று சொல்லியிருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதை அண்டும் பெண்களுக்கு எலும்பும் தசையும் குறையத் தொடங்கும். பாரம் தூக்குவதென்றால் நம் பெண்களுக்குச் சிரிப்பு வருகிறது. பத்துக் கிலோ அரிசிப் பையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருவது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டவை ஒரு மூடிய அறை, பாரம், சொல்லிக்கொடுக்க ஒரு பெண், நடந்து போகக்கூடிய தூரம். தேடிப் பார்த்ததில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு வீட்டின் மேல்மாடியில், ஒரு சகோதரி நடத்தும் சிறிய பெண்கள் ஜிம் கிடைத்தது. இரண்டு ட்ரெட்மில், சில டம்பல், சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. மின்விசிறிதான், குளிரூட்டி இல்லை. மாதம் 4,000 ரூபா, மாதத்துக்கு மாதம் கட்டலாம். கமரா இல்லை, கைத்தொலைபேசிகளை வாசலிலுள்ள கூடையில் போட வேண்டும். அந்தக் கூடையைக் கேள்விப்பட்டதும் எனக்குப் பாதித் திருப்தி. மாதம் பத்துத் தடவை போனால் தடவைக்கு 400 ரூபா. ஆறு தடவை மட்டும் போனாலும் 700ஐத் தொடாது.

அதற்காக அந்தப் பெரிய கழகம் எவருக்கும் பெறுமதியில்லை என்று நான் சொல்லமாட்டேன். என் மனைவியின் ராத்தா அதே கழகத்தில் அதே விலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவை. தரையில் நடந்தால் வலி, தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் தடாகத்துக்குள் நடக்கிறார். வீடும் பக்கத்தில், பிள்ளைகள் எல்லோரும் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள். கிழமைக்கு நான்கு நாள் தவறாமல் போகிறார். இந்தப்படி வருடத்தில் 48 கிழமை போனால் 192 தடவை. அவருக்கு ஒரு தடவை 750 ரூபாதான், முச்சக்கரவண்டிக் காசும் இல்லை. கழகத்தில் சேர முன் அவர் ஒரு பத்துத் தடவை அட்டையை வாங்கி, அது எத்தனை நாளில் முடிகிறதென்று பார்த்தார். பதினேழு நாளில் முடிந்தது. அதன் பிறகுதான் வருடப் பணம் கட்டினார். "மௌலவியிடம் கேக்காமலே நான் கணக்குப் பார்த்திட்டன்" என்று என்னைப் பரிகாசம் செய்தார்.

ஒரு அட்டை, இரண்டு வீடு. தங்கை வீட்டில் ஒரு தடவைக்கு 3,000, ராத்தா வீட்டில் 750. துண்டுப்பிரசுரத்தில் விலை அச்சிடாதது ஒரு வகையில் சரிதான் போலும்!

என் மனைவி மேல்மாடி ஜிம்முக்குப் போகத் தொடங்கி இது மூன்றாவது மாதம். நாட்காட்டியில் அவர் போன நாளுக்கு மகள் பச்சை மையால் ஒரு புள்ளி வைக்கிறாள். முதல் மாதம் ஒன்பது, இரண்டாம் மாதம் பதினொன்று. இந்த மாதம் மருமகனின் கல்யாணம் வந்ததால் இதுவரை நான்குதான். அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. ஷஃபான் முடிய நோன்பு வருகிறது. தராவீஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் திறந்து வைக்கலாமா என்று அந்தச் சகோதரி எல்லோரிடமும் கேட்டிருக்கிறாராம். நோன்பு மாதத்துக்கும் 4,000 கட்டுவதா, பெருநாளுக்குப் பின் கட்டுவதா என்று மனைவி இன்னும் சொல்லவில்லை. கொப்பி இப்போது அவர் கையில்தான் இருக்கிறது.