வந்தார் என்பதும் ரகசியம்

பெங்களூரில் ஹோப் ஃபார்ம் சிக்னலுக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்டில்தான் முதலில் அறை எடுத்திருந்தேன். அமைதியான தரைத்தளம், ஜன்னலுக்கு வெளியே புங்க மரம். மனநல ஆலோசனைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன். கேட்டில் நடந்ததை இரண்டு வருடம் கவனிக்கவில்லை.

ஒருநாள் பால் வாங்கப் போனவள் செக்யூரிட்டியின் கையிலிருந்த போனைத் தற்செயலாகப் பார்த்தேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஃப்ளாட், என்ன விஷயம் என்று கேட்டுப் பதிந்துகொண்டிருந்தார். என் ஃப்ளாட் எண்ணுக்கு நேராக, முந்தைய நாள் மாலை வந்தவரின் பெயர், போன் நம்பர், முகப்படம். காரணம் என்ற இடத்தில் ‘கவுன்சலிங்’. செக்யூரிட்டி மீது தவறில்லை, கொடுத்த வேலையைச் செய்தார். அசோசியேஷன் ஆபீஸில் நினைத்தால் அந்தப் பட்டியல் முழுவதையும் எடுத்துப் பார்க்கலாம். வாயைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நான் நம்பியிருந்த நாட்களில் கேட் திறந்தே கிடந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் ரகசியம் என்றால் அறைக்குள் பேசியதை வெளியே சொல்லாமல் இருப்பது என்றுதான் படிக்கும்போது மனதில் பதிகிறது. ஆனால் ஒருவர் வந்தார் என்பதே முதல் ரகசியம். அது போய்விட்டால் மீதியைக் காப்பாற்றி என்ன பயன்?

இதைப் பற்றி எழுதும்போது என்னிடம் வந்தவர்கள் யாருடைய கதையையும் தொட முடியாது, பெயரை மாற்றினாலும்கூட. என் கதையைச் சொல்ல மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அப்பா இறந்த பிறகு மாதக்கணக்கில் எனக்குத் தூக்கம் இல்லை. சென்னையில் ஓர் ஆலோசகரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் முழுப் பெயரைச் சொல்லி, “கவுன்சலிங்குக்கு வந்தவங்க உள்ள போங்க” என்று கூப்பிட்டார். இரண்டு நாற்காலி தள்ளி அத்தை தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் வீடு வந்து சேர்வதற்குள் அத்தையிடமிருந்து போன்: “என்னடி, கீழ்ப்பாக்கம் கேஸ் ஆயிட்டியாமே?” அந்த ஆலோசகர் வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் நான் அங்கே இரண்டாவது முறை போகவில்லை. 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பெங்களூரில் அந்த வேலைக்கு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் பெயர் பயன்படுகிறது. இந்த வசை ஒழியும் வரை, வந்த செய்தியை மறைக்கும் பொறுப்பு எங்கள் தலையில்தான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. வழக்குப் போட்ட கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்று இதே பெங்களூரில் வாழ்ந்தவர். அதே ஆண்டுதான் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தது. அதன் 23-ஆம் பிரிவு ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமையாக்குகிறது. 25-ஆம் பிரிவு தன்னைப் பற்றிய மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் சட்டம் மனநல வல்லுநர் என்று சொல்வது மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர் போன்றவர்களை. எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்து ஆலோசகர் என்று போர்டு வைத்திருக்கும் என்னைப் போன்ற பலர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறோம். அதனால் நானே எனக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் நாளே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.

“நீங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா தாண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா 2012 போக்சோ சட்டப்படி நான் புகார் சொல்லியே ஆகணும். கோர்ட் உத்தரவு போட்டா போய் நிக்கணும். எப்படித் தாண்டினாலும், முடிஞ்சவரை முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்.” சிலருக்கு இதைக் கேட்டதும் முகம் இறுகும். எல்லையைச் சொல்லாமல் கதையை வாங்கிக்கொள்வது ஏமாற்று என்பதால், இறுகினாலும் சொல்லிவிடுவேன்.

எல்லை எங்கே என்பதில் நம் நீதிமன்றங்களும் தடுமாறியிருக்கின்றன. 1995-இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து, செய்தி கசிந்து, கல்யாணம் நின்று, அவர் இருந்த ஊரை விட்டே போக நேர்ந்தது. அவர் போட்ட வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் மணப்பெண்ணின் உயிரே பெரிது என்றது. அவளை எச்சரிப்பது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஊருக்கே தெரிந்தது எப்படி என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

வக்கீலிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு எங்களிடம் சொன்னதற்கு இல்லை. விவாகரத்து வழக்கில் என் நோட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம். அதனால் குறிப்பைச் சுருக்கமாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார் என்று நினைத்தே ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன். படிக்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஐ.டி.பி.எல். டெக் பார்க் பக்கத்துக் கம்பெனிகள் ஊழியர்களுக்காக எங்களை ஏற்பாடு செய்யும்போது எண்ணிக்கை மட்டும் கேட்பார்கள். ஆறு பேர் உள்ள டீமில் ‘ஒருவர் வந்தார்’ என்பதுகூடக் காட்டிக்கொடுப்பதுதான். டீம் வாரியாகத் தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவேன்.

ஆனால் அம்மாக்களிடம் ஒப்பந்தம் செல்லாது. கீழே வருவது ஒரு தாயின் அழைப்பு அல்ல, பல அழைப்புகள் சேர்ந்தது.

“மேடம், திருச்சியிலேருந்து பேசறேன். என் பொண்ணு உங்ககிட்டதான் வர்றாளாம். என்னதான் சொல்றா?”

“யார் வர்றாங்க, யார் வரலைன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லைங்கம்மா.”

“நான் பெத்தவ மேடம்.”

இந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் கிடையாது. போனை வைத்துவிடவும் மனம் வராது. “நீங்க சரியாத் தூங்கறீங்களாம்மா?” என்று கேட்பேன். அழுவார்கள். அவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்வேன். ‘உங்க பொண்ணு’ என்ற சொல் மட்டும் என் வாயிலிருந்து வராது.

இப்போது காடுகோடி மெட்ரோவுக்கு அருகில் ஒரு சின்ன வணிகக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறேன். அதே மாடியில் பல் டாக்டர், ட்யூஷன் சென்டர், தையல் கடை. லிஃப்டில் இரண்டை அமுக்குகிறவர் எதற்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. என் கதவில் பெயர் மட்டும், தொழில் இல்லை. பில்லிலும் அப்படியே. மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் நான் முதலில் பேச மாட்டேன், அவர் பேசினால் பேசுவேன் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறேன். ஒருவர் போய் இருபது நிமிடம் கழித்தே அடுத்தவருக்கு நேரம் தருகிறேன். ஒரு நாளில் ஒரு சந்திப்பு குறைகிறது, வருமானமும்தான்.

இன்று ஆறு மணிக்காரர் இப்போதுதான் கிளம்பினார். அடுத்தவர் ஏழு இருபதுக்கு. லிஃப்ட் கீழே போய்விட்டது. தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.