மேட்ச் பாருங்க, நெஞ்சு வலியோடு பார்க்காதீங்க

மக்களே, இன்னைக்கு மருத்துவத்துக்கு முன்னாடி கொஞ்சம் விளையாட்டு. நீளமான த்ரெட்தான், கடைசி வரைக்கும் வாங்க.

எனக்கு இரண்டு டீம். ஃபுட்பாலில் லிவர்பூல். பாஸ்கெட்பாலில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ்.

லிவர்பூல் பெரும்பாலும் நமக்கு வார இறுதி ராத்திரியில் ஆடும். வாரியர்ஸ் சொந்த ஊரில் இரவு ஆடினால் இங்கே காலை எட்டு, எட்டரை. ஓ.பி. நேரம். அதனால் டூட்டி இல்லாத நாளில் மட்டும்தான் நேரலை.

லிவர்பூல் ஜெயித்தால் மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் எல்லோருக்கும் டீ என் செலவு. தோற்றால் பயிற்சி மருத்துவர்கள் என்னிடம் கேஸ் ஷீட்டைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார்கள்.

2019இல் லிவர்பூல் லீகில் ஒரே ஒரு மேட்ச்தான் தோற்றது. 97 புள்ளிகள். மான்செஸ்டர் சிட்டி 98. கோப்பை போச்சு. அதற்கு முன்பு 2016 ஃபைனல்ஸில் வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்து கிளீவ்லேண்டிடம் கோட்டை விட்டது. ஏழாவது மேட்ச் நமக்குத் திங்கள் காலை ஐந்தரை மணிக்கு. அன்னைக்கு எனக்கு இட்லி இறங்கவில்லை.

அம்மா கேட்டாங்க: "சம்பளம் வாங்குறவன் தோத்தான். நீ ஏன்டா சாப்பிடாம கிடக்குற?"

சிரிக்காதீங்க. அது சரியான மருத்துவக் கேள்வி.

மேட்ச் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கிறது. நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் பதற்றத்தில் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். நாடித்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும். பாஸ்கெட்பாலில் கடைசி இரண்டு நிமிடம் டைம் அவுட், ஃப்ரீ த்ரோ என்று கால் மணி நேரம் இழுக்கும். அவ்வளவு நேரமும் இதயம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆரோக்கியமான இதயம் இதைச் சமாளித்துவிடும். மேட்ச் முடிந்ததும் தானாக இறங்கிவிடும். ஏற்கெனவே ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து அடைப்பு இருந்தால் கதை வேறு. ஏறிய அழுத்தத்தில் அந்தப் படிவு வெடிக்கலாம். அங்கே ரத்தம் கட்டினால் அதுதான் மாரடைப்பு.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் பகுதியில் ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர கேஸ்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு வந்தன. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு சுமார் 4 மடங்கு. மேட்ச் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். உச்சம் எந்த நாள் தெரியுமா? அர்ஜென்டினாவுடன் பெனால்ட்டி வரை போன காலிறுதி.

நம்ம ஊர் கதை ஒண்ணு சொல்றேன். ஆள் அடையாளம் வேண்டாம்.

2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அர்ஜென்டினா 2-0. 80ஆவது நிமிடம் எம்பாப்பே ஒரு கோல், அடுத்த நிமிடமே இன்னொன்று. ஐம்பதைத் தாண்டிய ஒரு ரசிகருக்கு அப்போதுதான் நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, சட்டை நனையும் அளவு வியர்வை. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை எடுப்பவர். வாய்வு என்று சோடா குடித்திருக்கிறார். மகன் கிளம்பலாம் என்று கெஞ்சியதற்கு "பெனால்ட்டி முடியட்டும்" என்றிருக்கிறார்.

வலி தொடங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து எங்களிடம் வந்தார். இ.சி.ஜி.யில் பெரிய மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டோம். பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. செத்த தசை திரும்ப வளராது. இன்றைக்கு ஒரு மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

அதனால் ரசிகப் பெருமக்களே,

* மேட்ச் பாருங்க, கத்துங்க. நானும் கத்துவேன்.
* சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைகளை மேட்ச் நாளில் தவற விடாதீங்க.
* சிகரெட் வேண்டாம். தோற்ற கோபத்துக்கும் வேண்டாம், ஜெயித்த சந்தோஷத்துக்கும் வேண்டாம்.
* நெஞ்சில் பாரம், அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் உடனே 108. சோடா, இஞ்சிச் சாறு என்று நேரம் கடத்தாதீங்க. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரலாம்.
* பெரிய மருத்துவமனை தூரமா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

கடைசியா ஒண்ணு, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு. வலி வந்தவர் தானாக எழுந்திருக்க மாட்டார். ஸ்கோர் 3-3 என்றால் நிச்சயம் மாட்டார். நீங்கதான் டிவியை அணைக்கணும். திட்டுவார், பரவாயில்லை. அடுத்த சீசனும் உங்க பக்கத்தில் உட்கார்ந்து திட்டட்டும்.