வரியில்லாக் கடையில் ஒரு லாப நட்டக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் சிங்கப்பூர் போகிறேன், மகள் வீட்டுக்கு. செய்தி வெளியே தெரிந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. "பெரியம்மா, ஏர்போர்ட்ல வரியே கிடையாதாமே, எல்லாம் பாதி விலையாம். எனக்கு ஒரே ஒரு சென்ட் பாட்டில் போதும்" என்கிறது ஒரு குரல். கொழுந்தனார் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. "உங்களுக்கு ரெண்டு லிட்டர் அனுமதி உண்டு அண்ணி, ஒவ்வொரு தடவையும் வீணாப் போகுது" என்று வருத்தம் மட்டும் தெரிவித்தார். தனித்தனியாகப் பதில் சொன்னால் ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி ஆகிவிடும். அதனால் பொதுவாக இங்கேயே எழுதுகிறேன்.

2024இல் பேரன் பிறந்தபோதுதான் நான் முதன்முதலில் விமானம் ஏறினேன். மூன்று மாதம் பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கையில் 200 வெள்ளி மிச்சம் இருந்தது. (டாலரை அங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.) முஸ்தபா கடைக்குப் போய் வேண்டியதை வாங்கலாம் என்று மகள் கூப்பிட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, கூட்டத்தில் அலையவேண்டாம், ஏர்போர்ட்டில் வரி இல்லாமல் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை.

அந்தக் கடையின் வெளிச்சம் இருக்கிறதே, நம் ஊர்க் கல்யாண மண்டபத்தைவிட அதிகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் "மிச்சம்", "சலுகை" என்று சிவப்பு எழுத்து. சாக்லேட் டப்பா ஒன்று 15 வெள்ளி. ஆறு வீட்டுக்கு ஆறு எடுத்தேன். ஒரு சென்ட் பாட்டிலும் எடுத்தேன். மொத்தம் 158 வெள்ளி. வரி போடாமலே இவ்வளவு என்றால் வரி போட்டால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுடைய மூளை அந்த இடத்தில் செய்த வேலை அவ்வளவுதான்.

ஊர் வந்து சேர்ந்தபின் வீடியோவில் டப்பாவைக் காட்டினேன். மகள் ஒன்றும் பேசவில்லை. மருமகன்தான் மெதுவாக, "அத்தை, அது முஸ்தபால 11 வெள்ளி" என்றார்.

அன்று ராத்திரி பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். மருமகனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் சுங்கவரியும் கலால் வரியும் எல்லாப் பொருளுக்கும் கிடையாது. மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலிய வகை, அதோடு சரி. சாக்லேட்டுக்கும் சென்ட்டுக்கும் ஊருக்குள்ளேயே அந்த வரி இல்லை. இல்லாத வரியை ஏர்போர்ட் கடைக்காரர் எனக்கு எப்படிக் கழிக்க முடியும்? அவர் கழிப்பது ஜி.எஸ்.டி. ஒன்றைத்தான். 2024 ஜனவரி முதல் அது 9 சதவீதம்.

இப்போது ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி. வரியோடு சேர்த்து 109 வெள்ளி விற்கும் பொருளில் 9 வெள்ளி வரி கழிந்தால், கடை விலையில் எத்தனை சதவீதம் மிச்சம்? 9 என்று சொன்னவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்கவும். 109இல் 9, அதாவது 8.26 சதவீதம். ஊருக்குள் 15 வெள்ளி விற்கும் டப்பாவில் ஒன்றேகால் வெள்ளிகூட மிச்சமில்லை. ஏர்போர்ட்டுக்குள் கடை போடுபவர் கொடுக்கிற வாடகை என்ன சாதாரண வாடகையா? அதை என் டப்பாவின் தலையில்தான் ஏற்றுவார். ஊருக்குள் அதே டப்பாவை 11க்கு விற்கும் கடை இருக்கும்போது, வரியைக் கழித்து 15க்கு வாங்கியவள் நான். ஆறு டப்பாவுக்கு 24 வெள்ளி நட்டம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ரூபாய். இன்னொரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள்ளேயே இந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால், ஜி.எஸ்.டி.யில் பெரும்பகுதியைக் கிளம்பும்போது ஏர்போர்ட்டிலேயே திரும்பப் பெறலாம்.

அப்படியானால் இந்த ஏற்பாடே ஏமாற்றா என்றால், இல்லை. 1947இல் அயர்லாந்தில் ஷானன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ'ரீகன் என்பவர் இதை ஆரம்பித்தார். அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்கள் அப்போது அங்கே எரிபொருள் நிரப்ப இறங்கும். பயணிகள் சும்மா காத்திருப்பார்கள். நாட்டை விட்டுப் போகிறவருக்கு உள்ளூர் வரி எதற்கு என்பது நியாயமான கேள்விதான். வரி கனமாக இருக்கும் பொருளில் மிச்சமும் கனமாகவே இருக்கும். சிங்கப்பூரில் மதுவில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி வரி. 40 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு லிட்டர் விஸ்கி பாட்டிலில் மட்டும் 35 வெள்ளி 20 காசு. அது அப்படியே கழிகிறது. நம் நாட்டிலும் வெளிநாட்டு விஸ்கிக்குச் சுங்கவரி பல ஆண்டுகளாக 150 சதவீதம் இருந்ததை நினைத்துப் பார்த்தால் கொழுந்தனாரின் வருத்தம் புரியும். ஆக அந்தக் கடை முழுக்கத் தேடியதில் உண்மையிலேயே லாபமான பொருள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தொடக்கூடாத பொருள் ஒன்றுதான்!

அண்ணன் மகனுக்கும் ஒரு வார்த்தை. டியூட்டி ஃப்ரீ என்றால் கிளம்புகிற நாட்டின் வரி இல்லை என்று மட்டுமே அர்த்தம். இறங்குகிற நாட்டின் வரி தனி. நான் வந்தபோது 50,000 ரூபாய்ப் பொருள் வரைதான் வரியில்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 38.5 சதவீதம். நீ அன்றைக்குக் கேட்ட 80,000 ரூபாய் போனை வாங்கி வந்திருந்தால் திருச்சியில் 11,550 ரூபாய் கட்டியிருப்பேன். அதை நீ கொடுத்திருப்பாயா?

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

அன்று விமானத்துக்குக் காத்திருந்தபோது, "டீச்சர்!" என்று ஒருவன் வந்து காலைத் தொட்டான். பெயர் வேண்டாம், அவன் வகுப்புத் தோழர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், கண்டுபிடித்தாலும் எழுதாதீர்கள். கட்டட வேலையில் இருக்கிறான், இரண்டு வருஷம் கழித்து ஊர் வருகிறான். கை நிறைய அந்தக் கடைப் பைகள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. என் கணக்குக்கு ரெண்டு லிட்டர் வாங்கிட்டேன். இன்னும் ரெண்டு பாட்டில், மச்சானுக்கும் பெரியப்பாவுக்கும். உங்க பேர்ல கொண்டு வர்றீங்களா?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. அந்த அனுமதி பயணியின் சொந்தப் பொருளுக்குத்தான், அடுத்தவர் பாட்டிலை என் பேரில் கொண்டு வந்து அதிகாரி கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்றேன். "சரி டீச்சர், தப்புத்தான்" என்று உடனே ஒப்புக்கொண்டான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், அடிப்பதற்கு முன்பே ஒப்புக்கொள்வான்.

பைகளைப் பார்த்து எவ்வளவு ஆனது என்று கேட்டேன். 310 வெள்ளி என்றான். ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவப்பா என்றேன். 24 என்றான், ஓவர்டைம் தனி. அவன் எதிரிலேயே வகுத்துப் பார்க்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவனே, "பதிமூணு நாள் டீச்சர்" என்றான். ஊருக்குள் வாங்கினால் குறையுமே என்றதற்கு, போன ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது என்றான். பிறகு சொன்னான்: "இந்தக் கடைப் பையோட போய் இறங்கினாத்தான் டீச்சர் வீட்ல நம்புவாங்க, இவன் நல்லா இருக்கான்னு."

விமானத்தில் அவன் வேறு வரிசை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு என் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. அங்கே ஒரு நீலத் தகர டப்பா இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் முதல் லீவில் வந்தபோது இதே பையன் கொண்டு வந்து கொடுத்த பிஸ்கட் டப்பா. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் மாணவன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது" என்று காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அடுத்த லீவில் அவன் வந்து வாசலில் நின்றபோது என் கண் முதலில் அவன் கையைத்தான் பார்த்தது. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அந்த டப்பா அவனுக்கு எத்தனை மணி நேரம் என்று நான் கேட்டதே இல்லை.

ஆகவே சொந்தங்களே, இந்த முறை பட்டியல் அனுப்பவேண்டாம். என் மகளும் மருமகனும் சம்பாதிப்பவர்கள்தான், ஆனால் அவர்களும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். கோடாரித் தைலம் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்று உண்டு, மகள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் வாங்கி வருவேன். கொழுந்தனாருக்கு இரண்டு, முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பையன் பொங்கலுக்கு லீவில் வருகிறான். போன வாரம் பேசும்போது, "வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போ, வெறுங்கையோடதான் வரணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த நாளில் சொல்வானே, அதே குரலில்.